மெர்லின் கூப்பிடாத பெயர்

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி, சிறுநீர் எல்லாவற்றுக்கும் ஒரே ஜன்னல்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் பெயரையும் டெஸ்டையும் சேர்த்தே கத்துவார். "ரஹீமுன்னிசா, சுகரு!" என்பார். "ரகுபதி, சளி!" என்பார். சளி என்று கேட்டதும் பெஞ்சில் இருக்கிறவர்கள் மெல்ல நகர்ந்து உட்காருவார்கள். சேலைத் தலைப்பு மூக்குக்குப் போகும்.

நான் அன்றைக்கு சளி டெஸ்டுக்குத்தான் போயிருந்தேன். எதிர் பெஞ்சில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் இருந்தாள். தினமும் காலையில் என்னிடம் ஆப்பம் வாங்குகிறவள்.

"இன்னாக்கா, நீ எங்க இங்க?" என்றாள்.

"சும்மா, ஜொரம்" என்றேன். இருமல் வந்தது. தொண்டையிலேயே விழுங்கினேன். என் பெயர் எந்த நிமிஷம் வருமோ என்று மாதாவைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தாள். என் அருகில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். தலையை நிமிர்த்தாமலே, "ஆன்ட்டி, மாடிப்படி பக்கமா வாங்க. உங்க பேர கூப்பிட மாட்டாங்க" என்றாள். எழுந்து, என்னைத் தெரியாதவள் மாதிரி போய்விட்டாள்.

அவள் எங்கள் தெரு ஃபாத்திமா அக்காவின் மகள் மெர்லின். மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் டப்பாவைக் கையில் கொடுத்து, "காத்து இருக்கற பக்கமா நின்னு, நல்லா நெஞ்சிலேர்ந்து காறித் துப்புங்க" என்றாள். நான் துப்பும்போது துறைமுகத்து கிரேன்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பெயர் அன்று அந்த ஹாலில் கேட்கவே இல்லை.

மெர்லின் என்று நான் எழுதுவது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. அவள் வீட்டார் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். என் பெயர் சிலுவையம்மாள். அது மட்டும் நிஜம். அதைத்தான் ஊரறிய ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.

அவளுடைய அப்பா ஆண்ட்ரூ ராயபுரம் ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே கர்த்தருக்குள் போய்விட்டார். ஃபாத்திமா அக்கா பள்ளிக்கூட யூனிஃபாரம் தைத்து மகளை வளர்த்தார். எங்கள் அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. தெருவில் பத்து இருபது குடும்பம் கூடி ஜெபிக்கிறோமே, அதைத்தான் அன்பியம் என்கிறோம். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று ஃபாத்திமா அக்காவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தால் உடனே ஜெபம் வைப்பார். கெட்ட மனசு கிடையாது. அதை நான் இப்போதும் சொல்வேன்.

மெர்லின் ப்ளஸ் டூ முடித்து மெடிக்கல் லேப் டெக்னாலஜி என்று ஒரு படிப்பில் சேர்ந்தாள். ஃபாத்திமா அக்காவுக்கு அதைச் சொல்லி விளங்கவைப்பதே பெரிய பாடு.

"டாக்டருக்கா படிக்குது?" என்று கேட்பார்கள்.

"இல்ல."

"அப்போ நர்ஸு."

"அதும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல" என்பார் அக்கா. சொல்லும்போதே முகம் சுருங்கும்.

மெர்லினுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ரத்தம் எடுக்கக் கற்றுக்கொள்கிற நாளில் காலையில் என் கடைக்கு வருவாள். ஒரு கையில் ஆப்பத்தட்டு, இன்னொரு கையில் என் முழங்கை. "ஆன்ட்டி, உங்க நரம்பு சூப்பரு. கண்ண மூடிகினு குத்தலாம்" என்பாள். ஆப்பம் வாங்க வருகிற எல்லோருடைய கையையும் திருப்பிப் பார்ப்பாள். தெருப் பையன்கள் அவளுக்கு கொசு என்று பெயர் வைத்தார்கள். "ஏய், கொசு வருது, சட்டையப் போடுங்கடா!" என்று கத்துவார்கள். அவளும் "உன் ரத்தம் எனக்கு வேணாம்டா, பாதி பீடா" என்று திருப்பிக் கொடுப்பாள். ஏதோ சிவப்புச் சாயத்தில் விரல் நுனியெல்லாம் ரோஸ் நிறமாக இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது.

ஆனால் ஒன்று. யாருக்கு என்ன வியாதி என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். "தெரியாது ஆன்ட்டி" என்பாள். "லேப்ல பாத்தது லேப்போட. மொத நாளு கிளாஸ்ல அதான் சொல்லிக் குடுத்தாங்க."

"தெரியாதுன்னு சொல்லத்தான் நாலு வருசம் படிக்கிறியா?" என்று என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் அவளைச் சீண்டுவார்.

"ஆமா அங்கிள். அதுக்குத்தான் தனியா மார்க்கு."

மூன்று வருஷம் கல்லூரியில் படிப்பு. கடைசி வருஷம் ஆஸ்பத்திரியிலேயே வேலை. அந்த வருஷத்தை ஒழுங்காக முடித்தாள் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால்தான் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும். அந்தக் கடைசி வருஷத்தில்தான் நான் இருமிக்கொண்டு போய் அந்த ஜன்னல் முன்னால் உட்கார்ந்தேன்.

எனக்கு டி.பி. என்று டாக்டர் சொன்னார். மாத்திரை தவறாமல் போட்டால் முழுசாகக் குணமாகும், கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவாது என்றார். நான் அழுதது வியாதிக்காக இல்லை, கடைக்காக. டி.பி. வந்தவள் சுட்ட ஆப்பத்தை யார் வாங்குவார்கள்? மெர்லின் வெளியே வந்து, "டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் கடைய மூடுங்க ஆன்ட்டி. அப்பால தாராளமா போடலாம். யாருக்கும் நீங்க எதுவும் சொல்ல வேணாம்" என்றாள். முட்டி வலி என்று சொல்லிக் கடையை மூடினேன்.

அவளும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஜெபித்தாள்.

எங்கள் வீடுகளில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் வைத்துக்கொண்டால் பெரியவர்கள் விடமாட்டார்கள். "ஆண்டவர்கிட்ட இன்னா ஒளிக்கிற?" என்று கேட்பார்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். அம்மாவும் மகளும் மட்டும் இருக்கிற வீட்டில் மெர்லின் மண்டியிட்டு, "நம்ம தெருவுல நெஞ்சு சரியில்லாம மாத்திர சாப்பிடற ஒருத்தருக்காக" என்று சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

ஃபாத்திமா அக்கா கணக்குப் போட்டுவிட்டார். என் இருமல் அவருக்குத் தெரியும். கடை மூடியது தெரியும். மருந்தோடு சத்துக்கு என்று என் வீட்டுக்காரர் தினமும் முட்டை வாங்குவது தெரியும். "முட்டி வலிக்கு யாருடி டெய்லி முட்ட துன்றாங்க?" என்று மகளிடம் சிரித்துக்கொண்டே கேட்டாராம். மெர்லின், "எனக்குத் தெரியாதும்மா" என்றாளாம். அந்தத் தெரியாதுவை அம்மா நம்பவில்லை.

அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், மாதா சிலைதான், ஒவ்வொரு வீடாக வரும். ஃபாத்திமா அக்கா வீட்டுக்கு வந்த சாயங்காலம் நானும் போனேன். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, இனி பரவாது, கடையைத் திறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் மாதாவுக்கு மல்லிகைச் சரம் வாங்கிப் போனேன். கூடம் நிறைய ஜனம். சமையலறை வாசலில் மெர்லின் சுண்டல் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து, மல்லிகையைப் பார்த்து, கண்ணாலேயே சிரித்தாள்.

ஜெபமாலை முடிந்தது. மன்றாட்டுகள் தொடங்கின. ஒருவர் மகன் வேலைக்காகக் கேட்டார். ஒருவர் கடலுக்குப் போனவர்களுக்காகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். கடைசியாக வீட்டுக்காரி ஃபாத்திமா அக்கா கைகளை விரித்தார்.

"இரக்கமுள்ள மாதாவே, எங்க சகோதரி சிலுவையம்மாளுக்காக உம்ம கெஞ்சிக் கேக்கறோம். அவங்க நெஞ்சுல டி.பி. கீதுன்னு என் பொண்ணு மெர்லின் லேப்புல பாத்து சொல்லிச்சு. உம்ம பிள்ளைக்கு சொகம் குடும்மா."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். நானும் சொன்னேன். பழகின வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என் பெயர் என்று உறைத்தது.

யாரும் எழுந்து போகவில்லை. மாதா முன்னால் எப்படிப் போவார்கள்? என் பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்ணின் முழங்கால் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போனது. நான் வாசல் பக்கம் பார்த்தேன். மெர்லின் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தவள் இவள்தானா? கிரேன் பக்கம் திரும்பி நின்றவள் இவள்தானா? பெற்ற மகள் மாதிரி நினைத்தேனே! சுண்டல் வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் ஸ்டானிஸ்லாஸ் சட்டையை மாட்டினார். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிற மனுஷர். கோபம் வந்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "என் பொண்டாட்டி பேர நடு வூட்ல ஏலம் வுட்டுகினுகீறாங்க, நா இன்னா பொட்டிப் பாம்பா?" என்று குதித்தார். வாசலை மறித்துக் காலைப் பிடித்துத் தடுத்தேன். மறுநாள் காலையில் நான் கோயில் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கூட வேலை செய்கிற தோஸ்துகள் ரெண்டு பேரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஜன்னல் முன்னாலேயே நின்று மெர்லின் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டு வந்திருக்கிறார்.

நான் பூசை முடிந்து வரும்போது மெர்லின் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கத்தினது அவளுக்கு இன்னும் தெரியாது. குடும்ப ஜெபத்தில் சொன்னதைச் சொன்னாள். அம்மா முட்டையைப் பற்றிக் கேட்டதைச் சொன்னாள்.

"பேரு சொல்லல ஆன்ட்டி. ஒருத்தர்னுதான் சொன்னேன். அதையும் வாய்க்குள்ள வெச்சிருக்கணும். பழக்கம். ஜெபம்னா வாய் தொறந்துடுது."

அவள் சொன்னது உண்மை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் என் வாயும் அப்படித்தானே திறந்தது.

அதற்கு மறுநாள் கடை போட்டேன். மாவு பொங்கிப் பொங்கி வழிந்தது, ஆள் இல்லை. தினமும் வாங்குகிறவர்கள் எதிர்வரிசையில் நடந்து போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "முட்டி வலின்னு சொன்னியேக்கா, எங்க புள்ளைங்களும் துன்னுச்சே" என்று கேட்டுவிட்டுப் போனாள். மெர்லின் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். நடுத்தெருவைப் பார்த்து ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். தேங்காய்ப்பால் ஊற்றி, ஒன்று, இன்னொன்று என்று வயிறு கொள்ளாத அளவு சாப்பிட்டாள். "சாப்பாட்டுல வராது, இருமுனா காத்துலதான் வரும். இவங்களுக்கு இப்போ அதும் இல்ல" என்று போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். அதன் பிறகுதான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அவளை உள்ளே விடவில்லை.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். மெர்லினை, அவள் அம்மாவை, என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மெர்லின் நடுவில். நான் ஸ்டானிஸ்லாஸ் சார்பாக மன்னிப்புக் கேட்கவே போயிருந்தேன். விசாரித்த துறைத் தலைவி அம்மா சாந்தமானவர்.

"எனக்குப் புகார் இல்லீங்கம்மா. வீட்டுக்காரர் அவசரப்பட்டுட்டாரு. இந்தப் பொண்ணு என்னைக் காப்பாத்துன பொண்ணு" என்றேன்.

"உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா ஆஸ்பத்திரியில கேக்கறாங்க. நோயாளி விஷயம் எப்படி வெளிய போச்சுன்னு நான் பதில் சொல்லணும்" என்றார். பிறகு ஃபாத்திமா அக்காவிடம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்றதுலதான் இருக்கு. உங்க பொண்ணு இவங்க பேரை உங்ககிட்ட சொன்னாளா? இல்ல, நீங்களாவே ஊகிச்சுக்கிட்டீங்களா? நீங்களா ஊகிச்சதுன்னா இவ மேல தப்பே இல்ல. நாளைக்கே டியூட்டிக்குப் போகலாம்."

இதைவிட லேசான கேள்வி உண்டா? நான் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். மெர்லின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பயம் இல்லாமல்தான் பார்த்தாள். அம்மாதானே.

ஃபாத்திமா அக்காவின் கையில் ஜெபமாலை இருந்தது. ஒரு மணியை நகர்த்தினார். இன்னொரு மணியை நகர்த்தினார்.

"மெர்லின்தான் சொல்லிச்சு மேடம்" என்றார்.

"பேர் சொல்லியா?"

"ஆமா மேடம். நா ஜெபம்தான் பண்ணேன். ஜெபம் பண்றது தப்பா?"

நான் எழுந்துவிட்டேன். "யக்கா, இன்னாக்கா இது? முட்டைய வெச்சு நீதானே கண்டுபுட்ச்ச!"

"நீங்க அப்போ அந்த வீட்ல இருந்தீங்களாம்மா?" என்று துறைத் தலைவி என்னைக் கேட்டார். நான் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். அவர் மெர்லினைப் பார்த்து, "நீ சொல்லு. அம்மா சொல்றது உண்மையா?" என்றார்.

மெர்லின் தன் ரோஸ் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது அவளுக்கு வரவில்லை. "வீட்ல ஜெபத்துல வாயத் தொறந்தது நான்தான் மேடம்" என்றாள். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் பேசவில்லை.

திரும்பி வரும்போது மெர்லின் பஸ்ஸில் முன்னால் போய் நின்றுகொண்டாள். ஃபாத்திமா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

"நா இன்னா பண்ணுவேன் செலுவ? என் பொண்ணு சொல்லிச்சுன்னு மாதா முன்னால சொல்லிட்டேன். அத்தினி பேரு கேட்டாங்க. இப்போ நானா சொன்னதுன்னு சொன்னா, மாதா முன்னால பொய் சொன்னவன்னு ஆய்டாது? அப்பால எவ என் வூட்டுக்கு மாதாவ கொண்டாருவா?"

"அதுக்குப் பொண்ணையா குடுப்ப?"

"அது சின்னப் பொண்ணு. வேற ஆஸ்பத்திரி கெடைக்கும்" என்றார். "எல்லாரும் அவளப் பெருமையா நெனக்கட்டும்னுதான் செலுவ லேப்புன்னு சொன்னேன். டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்லன்னு எத்தினி பேரு கேட்டாங்க தெரியுமா?"

அது உண்மை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. வேண்டாதவள் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். இவர் செய்ததெல்லாம் மண்டியிட்டுச் செய்தார்.

அந்த ஆஸ்பத்திரி அவளை நிறுத்திவிட்டது. வேறு ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை. எங்கே போனாலும் முதல் இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார்கள். அடுத்த வருஷப் பிள்ளைகளோடு சேர்த்து யோசிக்கலாம் என்றது கல்லூரி. அடுத்த வருஷமும் வந்தது, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவளோடு படித்தவர்கள் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய படம் அவளுடைய போனுக்கு வந்தது. என் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தாள். "இவ ரத்தம் எடுத்தா டம்ளர்ல புடிக்கணும், அப்படிக் குத்துவா" என்று ஒரு தோழியைக் காட்டிச் சிரித்தாள். தட்டில் ஆப்பம் அப்படியே இருந்தது.

என் வியாதி குணமாகிவிட்டது. கடைக்கு ஜனம் திரும்பிவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் அவள் முன்னால் நிற்கவே கூசினார். ஒரு நாள், "மெர்லினு, அங்கிள் மூள இல்லாத பையன்மா" என்றார். "ரொம்ப நாளா தெரியும் அங்கிள்" என்றாள். அவள் வீட்டில் மட்டும் ஒன்று மாறவில்லை. ஃபாத்திமா அக்கா என்னிடம் வந்து சொல்வார்: "ஜெபத்துக்கு ஒக்காருது. மணி உருட்டுது. மன்றாட்டு மட்டும் சொல்ல மாட்டேங்குது. இன்னாடின்னா, ஒண்ணும் இல்லன்னுது. ஆண்டவர்கிட்ட கேக்க ஒண்ணுமேவா இல்ல?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் ஆப்பச்சட்டியைப் பார்ப்பேன்.

கடைசியில் நெல்லூர் பக்கம் இறால் பண்ணைக்காரர்களுக்குச் சோதனை செய்து கொடுக்கிற ஒரு லேபில் உதவியாள் வேலை கிடைத்தது. பட்டம் கேட்கவில்லை. அவள் கிளம்பிய காலையில் ஃபாத்திமா அக்கா அவளுக்காகப் பூசைக்குக் காணிக்கை கொடுத்து கோயிலில் இருந்தார். நான் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனுக்கு ஆப்பப் பொட்டலத்தோடு போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டு நெல்லூர் பக்கம் போகிற சூலூர்ப்பேட்டை வண்டிக்காக உட்கார்ந்திருந்தாள். விரலில் ரோஸ் நிறம் எப்போதோ போயிருந்தது.

"அங்க இன்னாம்மா வேலை?"

"இறாலுக்கு வியாதி இருக்கான்னு பாக்கறது. நல்ல வேலைதான் ஆன்ட்டி. இறாலுக்குப் பேரு கெடையாது."

வண்டி வந்தது. ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? "தினமும் உனக்காக ஜெபம் பண்ணிகினே இருப்பேம்மா" என்றேன்.

மெர்லின் குனிந்து, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பேசின அதே சின்னக் குரலில் சொன்னாள்:

"பண்ணுங்க ஆன்ட்டி. வாய்க்குள்ளயே பண்ணுங்க. என் பேர மட்டும் சொல்லாதீங்க."